எங்கள் மணிக்கு வந்த வலிப்பு



எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தான். 'இருந்தது' என்று எழுதுவதே முறை. மாணவர்களின் கட்டுரையில் இத்தகைய வழுவைக் கண்டால் சிவப்பு மையால் வட்டமிடுகிறவள் நான். ஆயினும் மகிழ்ச்சியின் பொருட்டுத் திணை மயங்குவதை இலக்கணமே வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. அந்தச் சலுகையை இந்தக் கட்டுரை முழுமைக்கும் எடுத்துக்கொள்கிறேன். பொறுத்தருள்க.

பட்டர்வொர்த் வட்டாரத்தில் மாக் மண்டின் என்றால் பலருக்கும் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். அதனை ஒட்டிய குடியிருப்பில், வரிசை வீடு ஒன்றில் நாங்கள் வசிக்கிறோம். இடப்பக்கம் ஒரு மலாய்க் குடும்பம். வலப்பக்கம் ஒரு சீனக் குடும்பம். எதிர் வரிசையில் நம்மவர்கள் நால்வர் வீடு. என் கணவர் அருகிலுள்ள தொழிற்சாலையில் மாறுநேர வேலை செய்பவர். இரவில் நானும் மாமியாரும் பிள்ளைகள் இருவரும் தனியே இருக்கிறோமே என்பதற்காக 2013-ஆம் ஆண்டில் அவர் தூக்கி வந்த குட்டிதான் மணி. எந்த உயர்ந்த இனமும் அன்று. பழுப்பு உடலும் கறுத்த முகமும் கொண்ட சாதாரண நாட்டு நாய்.

அவனுக்கு ஒன்றரை வயதானபோது, 2014-இல் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அது நேர்ந்தது. சமையற்கட்டில் பாத்திரம் உருளும் ஓசை கேட்டு எழுந்து ஓடினேன். மணி ஒருக்களித்துக் கிடந்தான். நான்கு கால்களும் விறைத்து, பின்னர் நீந்துவதுபோல வேகமாக அடித்துக்கொண்டன. தாடை கடகடவென்று ஆடியது. வாயில் நுரை தள்ளியது. கண்கள் திறந்திருந்தும் எங்களைப் பார்க்கவில்லை. படுத்த இடத்திலேயே சிறுநீர் போனது.

என் மாமியார் ஓடிவந்து இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவனுடைய முன்னங்காலில் திணித்தார். "இரும்பைக் கையில கொடுத்தா அடங்கிடும்மா" என்றார். இரவு வேலை முடிந்து அப்போதுதான் வீட்டிற்குள் நுழைந்த கணவர், நாக்கை விழுங்கிவிடுவானோ என்று அஞ்சி வாய்க்குள் விரலைவிட்டார். தாடை இறுகியது. ஆள்காட்டி விரலில் இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று. நான் செய்ததும் மேலானதன்று. அவனை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு "மணி, மணி" என்று அலறினேன். பிள்ளைகள் இருவரும் கதவோரம் நின்று அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூவரும் செய்த மூன்றும் தவறு என்பது பின்னர்தான் தெரிந்தது.

எவ்வளவு நேரம் நீடித்தது என்று கால்நடை மருத்துவர் கேட்டார். "அரைமணி நேரம் இருக்கும் டாக்டர்" என்றார் மாமியார். பத்து நிமிடம் என்றேன் நான். மருத்துவர் சிரிக்கவில்லை. "அடுத்த முறை கடிகாரத்தைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பது நொடி. அச்சத்திற்குத் தனிக் கடிகாரம் உண்டு என்பதை அன்று அறிந்தேன்.

அந்த முதல் சந்திப்பில் அவர் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை, கேள்விகள்தாம் கேட்டார். தோட்டத்தில் நத்தை மருந்தோ எலி மருந்தோ வைத்தீர்களா? சாக்கடை ஓரத்துத் தேரையைக் கடித்தானா? சாக்லேட் தின்றானா? சைலிட்டால் கலந்த, சர்க்கரையில்லா மிட்டாய் ஏதும் கிடைத்ததா? தலையில் அடிபட்டதா? டிஸ்டெம்பர் தடுப்பூசி போட்டாயிற்றா? இவை ஒவ்வொன்றாலும் நாய்க்கு வலிப்பு வரலாம். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும், கல்லீரலோ சிறுநீரகமோ பழுதுபட்டாலும் வரலாம். இவை எல்லாம் இல்லையென்று உறுதியான பின்னர்தான் காரணம் புலப்படாத வலிப்பு நோய் என்று முடிவு செய்வார்களாம். அந்த வகை பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. நாய் அமைதியாக இருக்கும்போதோ உறங்கும்போதோ வருவதுதான் மிகுதி. எங்கள் மணிக்கு எல்லாம் பொருந்தின. நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருந்தைத் தேடச் சொல்லும் குறளை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அதை ஒருவர் செய்துகாட்டக் கண்டது அன்றுதான்.

வலிப்பு மாதம் ஒருமுறை என்றானபோது மாத்திரை தொடங்கியது. பீனோபார்பிட்டோன் என்பது அதன் பெயர். 1912 முதல் மனிதர்களின் வலிப்புக்குக் கொடுக்கப்பட்டு வரும் பழைய மருந்து. நம் பிள்ளைகள் விழுங்கும் மருந்தும் நாய் விழுங்கும் மருந்தும் ஒன்றே என்பது எனக்கு வியப்பாக இருந்தது. காலை ஏழு மணிக்கு ஒன்று, இரவு ஏழு மணிக்கு ஒன்று. பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறக்கூடாது. மருந்து இரத்தத்தில் நிலைபெறவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதன்பின் இரத்தப் பரிசோதனை. தொடர்ந்து ஆறு மாதத்திற்கு ஒருமுறை கல்லீரலையும் பார்க்க வேண்டும். வலிப்பு நின்றுவிட்டதே என்று நாமாகத் திடீரென மருந்தை நிறுத்தினால் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். இதை மருத்துவர் மூன்று முறை சொன்னார்.

முதல் இரண்டு வாரம் மணி தள்ளாடித் தள்ளாடி நடந்தான். பின்னர் அது சரியாகி, பசியும் தாகமும் பெருகின. அதுவும் மருந்தின் விளைவே. என் மாமியாருக்கோ அது புரியவில்லை. "பிள்ளை பசியில வாடுறான், நீ அளந்து போடுற" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டு, எனக்குத் தெரியாமல் நெய்ச்சோறு பிசைந்து ஊட்டுவார். மூன்று மாதத்தில் மணி நடமாடும் தலையணை ஆனான். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறாமல் பார்த்துக்கொண்டவரும் அவரே. மாலை ஏழடித்தால் தொலைக்காட்சித் தொடரை விட்டு எழுந்து, "மணி, மணியாச்சுடா" என்று அழைப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கொடுப்பவர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். அந்த நான்காமவர் எங்கள் வீட்டில் மாமியார்தான்.

இனி, என் தவற்றைச் சொல்கிறேன். உண்மையில் இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

மணியின் நோயை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் தெளிவான விடை இல்லை. வலிப்பு என்ற சொல்லே நம் சமூகத்தில் ஏதோ குடும்பக் குறைபோலத் தாழ்ந்த குரலில் சொல்லப்படுகிறது. நாய்க்கு வந்தாலும் அந்தக் கூச்சம் போகவில்லை. "கையில் என்ன கட்டு?" என்று எதிர்வீட்டார் கேட்டதற்கு, "தொழிற்சாலையில் இயந்திரம் பட்டுவிட்டது" என்று கணவர் சொன்னார். அப்படிச் சொல்லச் சொன்னவள் நான். வலிப்பு வரும் நாள்களில் பின்கட்டுக் கதவைச் சாத்திவிடுவேன். பிள்ளைகளிடமும், "வெளியில் சொல்லக்கூடாது" என்று கட்டளையிட்டிருந்தேன். பொய் சொல்லாதே என்று காலையில் பள்ளியில் பாடம். மாலையில் வீட்டில் இந்தப் பாடம்.

2015 வந்தது. அவ்வாண்டு பெர்லிஸ், கெடா மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் கண்டறியப்பட்டு, செப்டம்பரில் பினாங்கிலும் உறுதி செய்யப்பட்டது பலருக்கு நினைவிருக்கலாம். தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு முடிவெடுத்தது. விலங்கு நல ஆர்வலர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தனர். வீட்டு நாய்களுக்குத் தடுப்பூசி போடும் பணியும் நடந்தது. அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. அறிகுறி தோன்றிய பின் அந்நோயிலிருந்து பிழைப்பவர் மிக மிக அரியர். இரண்டாண்டு கழித்து, 2017-இல் சரவாக்கில் அது மனித உயிர்களையே பறித்தது. போதாக்குறைக்கு அந்த 2015-இன் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் புகைமூட்டமும் நாட்டைச் சூழ்ந்திருந்தது. முகமூடியும் கண்ணெரிச்சலுமாக எல்லாருமே எரிச்சலில் இருந்த காலம் அது.

செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு மாலை. முன்வாசலில் படுத்திருந்த மணிக்கு அங்கேயே வலிப்பு வந்துவிட்டது. துணை வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்த பிள்ளைகள், இரும்புக் கதவின் இடுக்கு வழியே நுரை தள்ளிய வாயைப் பார்த்தார்கள். "அஞ்சிங் கீலா! அஞ்சிங் கீலா!" என்று மலாயில் ஒருவன் கத்த, வெறிநாய் என்ற அச்சொல் வீதி முழுவதும் பரவியது. நான் கைக்கடிகாரத்துடன் வெளியே ஓடிவந்தபோது ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கையில் நீளமான கட்டை இருந்தது. "போன வருடமே இது வீட்டுக்காரரைக் கடித்த நாய்தானே? உங்கள் மகன் சொன்னானே!" என்றார் எதிர்வீட்டுக்காரர். நான் பூட்டி வைத்திருந்த உண்மை, பாதி உடைந்து, தவறான உருவில் எனக்கு முன்னே வந்து நின்றது. எதிர்வீட்டார்மீது என்ன குற்றம்? கடித்தது உண்மை. நுரை உண்மை. மறைத்ததும் உண்மை. இவற்றைக் கூட்டினால் வெறிநாய் என்றுதானே விடை வரும்?

இடப்பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் தம் வேலிக்கு அப்பால் நின்றிருந்தார். நாயைத் தொடாதவர், நாயைப் பற்றி அதுவரை என்னிடம் ஒரு சொல்லும் பேசாதவர். "சிகு, இஃது என்ன நோய்?" என்று அமைதியாகக் கேட்டார். ஆசிரியர் என்று மரியாதையோடு விளித்து அவர் கேட்ட அந்தக் கேள்விக்கு, வகுப்பில் நிற்பதுபோல நின்று விடை சொன்னேன். வலிப்பு நோய், ஒன்றரை ஆண்டாக இருக்கிறது, மருந்து கொடுக்கிறோம், கடித்தது வெறியால் அன்று, வலிப்பின் நடுவே வாயில் விரலை விட்ட எங்கள் தவற்றால், வெறிநோய்க்கு எதிரான தடுப்பூசி போட்டாயிற்று, இன்னும் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவான். "சரி, பார்ப்போம்" என்றார் அவர். தம் கைக்கடிகாரத்தை அவரும் பார்க்கத் தொடங்கினார்.

வாழ்க்கையில் அத்தனை நீளமான இரண்டு நிமிடத்தை நான் கண்டதில்லை. கால்களின் ஆட்டம் மெல்ல அடங்கியது. மணி மூச்சிரைத்தான். எழுந்தான், விழுந்தான், மீண்டும் எழுந்தான். சிறிது நேரம் கண் தெரியாதவன்போலச் சுவரில் முட்டிக்கொண்டு சுற்றினான். மாமியார் கிண்ணத்தில் தண்ணீர் வைக்க, முழுவதையும் நக்கிக் குடித்தான். பின்னர் வாலாட்டினான். "தண்ணீர் குடிக்கிறது, வெறிநாய் இல்லை" என்றார் கட்டை வைத்திருந்தவர். கூட்டம் கலைந்தது. உள்ளே சென்று நான் அழுதேன்.

மறுநாள் மருத்துவர் அந்தத் தண்ணீர்ச் சான்றை ஏற்கவில்லை. வெறிநோய் கண்ட நாய் தண்ணீர் குடிக்காது என்று நம்பி ஏமாந்துவிடக்கூடாது. சில நாய்கள் குடிக்க முயலும். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது என்று விளக்கினார். வலிப்பு நோயுள்ள நாய், வலிப்பு முடிந்ததும் பழைய நாயாகத் திரும்பிவிடும். அடுத்த வலிப்பு வரை உண்ணும், விளையாடும். வெறிநோய் கண்டதற்குத் திரும்புதல் இல்லை. குணம் மாறும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகும், கால்கள் செயலிழக்கும், சில நாள்களில் இறந்துவிடும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வது இதனால்தான். எனினும் எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காத்திருந்து பார்ப்பது கூடாது என்றும் சொன்னார்.

அண்டை வீட்டார் மனநிறைவுக்காக மணியைப் பத்து நாள் வேலிக்குள் கட்டிவைத்தோம். மருத்துவரின் கடிதத்தையும் தடுப்பூசி அட்டையையும் நகல் எடுத்து, கணவரும் நானும் வீடு வீடாகச் சென்று காட்டினோம். கையில் பட்டது இயந்திரம் அன்று என்பதையும் கணவர் ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். அந்த வீதி அதன்பின் மாறியது. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, வெடிச்சத்தம் மிகுந்திருக்கும் என்று வலப்பக்கத்து வீட்டுப் பெண்மணி முன்கூட்டியே வந்து சொல்வார். மணியை உள்ளறைக்குக் கொண்டுபோய் விடுவோம். நாங்கள் வீட்டில் இல்லாத ஒரு நாள் மணிக்கு வலிப்பு வந்தபோது, மலாய்ப் பெரியவர் வேலிக்கு அப்பாலிருந்தே நேரம் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். 'மாலை 4.12, இரண்டு நிமிடம்.' அத்தாளை நான் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இந்தக் கதை வகுப்பறைக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவன் பாடத்தின் நடுவே நாற்காலியிலிருந்து சரிந்தான். வலிப்பு. பிள்ளைகள் அலறினர். பக்கத்து வகுப்பிலிருந்து ஓடிவந்தவர்களில் ஒருவர் சாவியைத் தேடினார், ஒருவர் கரண்டி கேட்டார். 2014-க்கு முன் என்றால் நானும் அவர்களோடு சேர்ந்து தேடியிருப்பேன். இப்போது என் கைகள் நடுங்கினவே தவிர, செய்ய வேண்டியதை அறிந்திருந்தன. மேசைகளை விலக்கினோம். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் என் கைப்பையை வைத்தேன். கழுத்துப்பட்டையைத் தளர்த்தினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் நின்றது.

பதறி வந்த தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இரண்டு வருசமா இருக்கு டீச்சர். சொன்னா பிள்ளைய ஒதுக்கி வச்சிடுவாங்கன்னு பயந்து மறைச்சிட்டேன்" என்றார். கேம்ப், நீச்சல், விளையாட்டுப் போட்டி என்று எத்தனை இடங்களுக்கு அவனை ஒன்றும் அறியாமல் அழைத்துச் சென்றிருக்கிறோம் என்று எண்ணியபோது எனக்குக் குலை நடுங்கியது. அவரைக் கடிந்துகொள்ளத் தோன்றவில்லை. நான் நாய்க்கே மறைத்தவள். பெற்ற பிள்ளைக்கு மறைத்தவரை எப்படிக் கேட்பது? மணியின் கதையைச் சொல்லலாமா என்று தயங்கினேன். பிள்ளையை நாயோடு ஒப்பிடுவதாக நினைத்துவிட்டால்? கடைசியில் சொன்னேன். கட்டையோடு ஒருவர் நின்ற இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் மருத்துவர் கொடுத்த சீட்டு, மருந்தின் பெயர், நேரம் ஆகிய அனைத்தையும் கொண்டுவந்து பள்ளியில் கொடுத்தார்.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் மனத்தில் வைக்க வேண்டியவை இவை:

1. வலிப்பு வந்தவரை அழுத்திப் பிடிக்காதீர்கள். அருகிலுள்ள கூர்மையான, கடினமான பொருள்களை அகற்றுங்கள்.

2. வாயில் எதையும் வைக்காதீர்கள். விரல், கரண்டி, தண்ணீர், மருந்து எதுவும் கூடாது. நாக்கை யாரும் விழுங்குவதில்லை. இரும்பினால் வலிப்பு நிற்பதுமில்லை. அது தானாக நிற்கும் நேரத்தில் சாவிக்குப் பெயர் கிடைக்கிறது.

3. பிள்ளையானால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நாயானால் அதன் வாயருகே கையைக் கொண்டுபோகாதீர்கள்.

4. நேரம் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், தெளியும் முன் மீண்டும் வந்தாலும், முதல்முறை வந்தாலும் 999-ஐ அழையுங்கள். நாய்க்கும் ஐந்து நிமிடமே எல்லை. ஒரே நாளில் இரண்டு, மூன்று முறை வந்தாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

5. தெளிந்து முழு நினைவு வரும்வரை அருகில் ஒருவர் இருங்கள்.

மணி 2023-இல், பத்து வயதில், முதுமையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து இறந்தான். வலிப்பினால் அன்று. குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது ஆண்டுகளில் அறுபத்து மூன்று முறை. மருந்து வலிப்பை அறவே ஒழிக்கவில்லை. இடைவெளியை நீட்டித்தது, அவ்வளவே. எஞ்சிய மூவாயிரத்துச் சொச்சம் நாள்களும் அவன் மற்ற நாய்களைப் போலவே வாழ்ந்தான். பூனையைத் துரத்தினான், நெய்ச்சோறு தின்றான். மாமியார் இப்போதும் மாலை ஏழானால் ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பெற்றோர்களே, ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளி கேட்கும் உடல்நலப் படிவத்தில் அந்த ஒரு வரியை நிரப்பிக் கொடுங்கள். ஆசிரியர்களே, அப்படிக் கொடுக்கப்பட்ட செய்தியை வகுப்பின் முன் விளம்பரப்படுத்தாமல், அறிய வேண்டியவர்கள் மட்டும் அறியச் செய்யுங்கள். பிள்ளை மருந்து விழுங்கும் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால், கண்டவர் தாமாக ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். எங்கள் வீதியில் வைத்தார்களே, அதைப்போல.